அந்தச் சின்ன வெள்ளை விளக்கு

ரயிலில் எதிரே இருந்தவரின் மூக்குக் கண்ணாடி ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. கண்ணாடி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

என் பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது தெரியவே இல்லை.

ரே-பேன் மெட்டா என்ற கேமரா வைத்த கண்ணாடியில் படம் பிடிக்கும்போது அந்த விளக்கு எரியும். சரி, பகல் வெளிச்சத்தில் யார் கண்ணில் படும்?

2024-இல் ஹார்வர்ட் மாணவர்கள் இருவர் இதே கண்ணாடியோடு முகத்தேடலை, அதாவது முகத்தை வைத்து இணையத்தில் ஆளைத் தேடுவதை, இணைத்து, முன்பின் தெரியாதவர்களின் பெயர், முகவரி வரை எடுத்துக் காட்டினார்கள்.

அப்புறம், பார்வையில்லாத என் நண்பர். மாத்திரை அட்டையை முகத்துக்கு நேரே பிடிப்பார். மருந்தின் பெயரை இதே கண்ணாடி வாசித்துச் சொல்லும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அதனால் தடை செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்தேடல் மட்டும் இதற்குள் வரவே கூடாது. மாட்டியிருப்பவர்களே, படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.