அரமும் மூலைமட்டமும்: டர்பனில் ஒரு பட்டறை வகுப்பு

கடந்த பருவத்தில் என் சனிக்கிழமைப் பட்டறை வகுப்பில் சேர்ந்த மாணவர் ஒருவர், விசையின் திருப்புத்திறன் பற்றிய கணக்குகள் எதுவானாலும் பிழையில்லாமல் போட்டுவிடுவார். அவரிடம் 50 மில்லிமீட்டர் சதுரமுள்ள மென்எஃகுக் கட்டி ஒன்றையும் நீளமான முரட்டு அரம் ஒன்றையும் கொடுத்து, ஒரே ஒரு முகத்தைத் தட்டையாக அராவித் தரும்படி கேட்டேன். முக்கால் மணி நேரம் அவர் வியர்க்க வியர்க்க அராவினார். பிறகு கட்டியை, அதை இறுக்கிப் பிடித்திருந்த வைஸிலிருந்து எடுத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தின் நேரான அலகை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். நடுவில் அலகு நன்றாகப் பொருந்தியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் வெளிச்சம் கசிந்தது. முகம் ஆமை ஓடு போல நடுவில் புடைத்திருந்தது.

புதிதாக அரம் பிடிக்கும் எல்லாருக்கும் இப்படித்தான் நேரும். அரத்தை முன்னே தள்ளத் தொடங்கும்போது அதன் நுனியைப் பிடித்திருக்கும் இடது கை கட்டிக்கு அருகிலும், கைப்பிடியைப் பிடித்திருக்கும் வலது கை தொலைவிலும் இருக்கும். தள்ளி முடிக்கும்போது இந்த நிலை தலைகீழாகிவிடும். எனவே தொடக்கத்தில் இடது கை அழுத்தமாகவும் வலது கை இலேசாகவும் இருக்க வேண்டும். நடுவில் இரண்டும் சமமாகி, முடிவில் வலது கைக்கு அழுத்தம் மாற வேண்டும். இரண்டு கைகளும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் அழுத்தினால் அரம் ஏற்றப்பலகை போல ஆடி, முதலில் ஒரு விளிம்பையும் பிறகு மறு விளிம்பையும் தின்றுவிடும். கரும்பலகையில் ஒரு கோடும் அதன் கீழ் ஒரு முக்கோணமும் வரைந்து இரண்டு அம்புக்குறிகள் போட்டவுடன், அது தாம் தேர்வில் எழுதிய கணக்குதான் என்று அந்த மாணவர் சொல்லிவிட்டார். கணக்கு அவருடைய தலையில் இருந்தது. உள்ளங்கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் தொழிற்கல்விக் கல்லூரிகளில் பொறியியல் பட்டயத்துக்குப் படிப்பவர்கள் என்4, என்5, என்6 ஆகிய மூன்று நிலைகளையும் பெரும்பாலும் ஏட்டுப் படிப்பாகவே கடக்கிறார்கள். அதன்பின் 24 மாதப் பணி அனுபவத்தைக் காட்டினால்தான் பட்டயம் கைக்கு வரும். அந்த 24 மாதத்துக்கு இடம் கொடுக்கும் தொழிற்சாலையைத் தேடி அலைவதில் பலருடைய இளமை கரைகிறது. இடம் கிடைத்தாலும் நிம்மதியில்லை. என்னிடம் படித்த ஒருவர், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் தரை கூட்டவும் சரக்கு ஏற்றவும் மட்டுமே பயன்பட்டார். ஆனால் அவருடைய பயிற்சிக் குறிப்பேட்டில் லேத் என்னும் கடைசல் இயந்திரம், துளையிடுதல், திருகுப் புரி வெட்டும் மரையிடுதல் என்று எல்லாவற்றுக்கும் கையொப்பம் விழுந்திருந்தது. அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த நாளில்தான் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்குவதென்று முடிவு செய்தேன்.

கற்பிப்பதில் நான் மெதுவாகப் புரிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. மாணவர் தடுமாறும்போது அரத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாமே நான்கு இழுப்பு இழுத்துக் காட்டுவது எளிது. அப்போது கட்டி நேராகும். மாணவரின் கை நேராகாது. இப்போது நான் அரத்தைத் தொடுவதில்லை. பக்கத்தில் நின்று ஒலியைக் கவனிக்கச் சொல்கிறேன். அரம் உலோகத்தை ஒழுங்காக வெட்டும்போது ஒரே சீரான கரகரப்பு எழும். ஆட்டம் கண்டால் அந்த ஒலி நடுவில் உடையும். பற்களுக்கிடையே துகள் அடைத்துக்கொண்டு முகத்தில் கீறல் விழும்போது, கம்பித் தூரிகையால் துடைத்து அரத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்கச் சொல்கிறேன். முதல் கட்டி வீணாகத்தான் போகும். அதை வீசிவிடாமல், மாணவரின் எண்ணைப் பொறித்து அலமாரியில் வைக்கிறோம்.

மரையிடுதலுக்கு இதைவிடப் பொறுமை வேண்டும். எம்10 மரைக்கு, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகின் மரைக்கு, 8.5 மில்லிமீட்டர் துளை என்பதும், பத்திலிருந்து மரையிடைவெளியான ஒன்றரையைக் கழித்தால் அந்த அளவு வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப் இறுகும்போது மணிக்கட்டு எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் கழித்தலில் கிடைக்காது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பினால் சீவல் முறிந்து வழிவிடும். அதை மறந்து முன்னே மட்டும் திருப்பினால், முதலில் கைப்பிடி வில் போல வளைந்து கொடுப்பது தெரியும். அந்த நொடியில் நிறுத்தாவிட்டால் டேப் துளைக்குள்ளேயே முறியும். முறிந்த டேப்பை வெளியே எடுக்க ஒரு மாணவி அரை நாள் போராடினார். அதன்பின் அவர் ஒரு டேப்பைக்கூட முறிக்கவில்லை.

எங்கள் ஊரின் காற்றும் ஓர் ஆசிரியர்தான். இந்தியப் பெருங்கடலின் உப்பும் ஈரமும் கலந்த காற்றில், எண்ணெய் தடவாமல் விட்ட கட்டியின்மேல் அடுத்த வகுப்புக்குள் விரல் ரேகை துருவாகப் பதிந்திருக்கும். யாருடைய விரல் என்றுகூடச் சொல்லிவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இதை நான் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை.

முதலில் சொன்ன மாணவரின் தாத்தா வடக்குக் கரையோரத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை நின்றால் ஓட வைக்கத் தெரிந்தவர். ஆயினும் கடைசிவரை உதவியாள் என்ற பெயரிலேயே கூலி வாங்கினார். 1922-ஆம் ஆண்டின் பயிற்சித் தொழிலாளர் சட்டம் கல்வித் தகுதியைக் காரணமாக வைத்ததாலும், வெள்ளையர் சங்கங்கள் இடம் விடாததாலும், அந்தத் தலைமுறையில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்க்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் கைவினைஞர் சான்றிதழ் எட்டாக்கனியாக இருந்தது. 1946-இல் டர்பனில் நம்மவர்க்கென எம்.எல்.சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியதை இங்குள்ள முதியவர்கள் இன்றும் பெருமையோடு பேசுவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தாத்தாவிடம் கை இருந்தது, சான்றிதழ் இல்லை. பேரனிடம் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கின்றன. கையைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம். ஆறாவது கட்டியில் அவருடைய மூலைமட்டத்தின் கீழ் ஒரு மயிரிழை வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது. அதைத் தாத்தாவிடம் காட்ட வேண்டும் என்று கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார்.

அடுத்த பருவத்தில் பதினான்கு பேர் சேர விரும்புகிறார்கள். எங்களிடம் இருப்பவை எட்டு வைஸ்கள். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மியர்பேங்கிலோ ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வந்து மாணவர்களின் பக்கத்தில் நின்று தரும்படி என் சார்பில் கேட்டுப் பாருங்கள்.