பாவாடை பழைய தோரணத்தில் இருக்கிறது

வாசல் நிலையில் வெளிறிப்போன துணிப்பூத் தோரணத்தைக் குப்பையில் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ரெண்டு பூ இருந்தால் ஒரு தேவதைப் பொம்மைக்குப் பாவாடை ஆச்சு.

மற்றபடி 30 செ.மீ. பைப் கிளீனர் (மெல்லிய இழை சுற்றிய, வளையும் கம்பி) ஒன்று, கைக்கு அதே மாதிரிக் கம்பியில் 12 செ.மீ. துண்டு, தலைக்கு 20 மி.மீ. மரமணி, எம்பிராய்டரி நூல்.

முதல் வேலை முகம். பூச்சில்லாத மரத்தில் ஸ்கெட்ச் மை கசிந்து கண் ரெண்டும் அப்பிவிடும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு ரெண்டு புள்ளி, ஒரு வளைவு. மூக்கு வேண்டாம், வைத்தால் கிழவி ஆகிவிடுவாள்!

கம்பியை நடுவில் மடித்து, மடிப்பை மணித் துளையில் கீழிருந்து நுழைத்து ஒரு செ.மீ. வெளியே விடுங்கள். முடி நூலைக் கட்டுவது அந்த வளையத்தில்தான். கழுத்தடியில் கைத்துண்டை இறுக்கி ஒரு சுற்று.

பூவின் பிளாஸ்டிக் காம்பைப் பிடுங்கிவிட்டு, இதழ் அடுக்கைக் காலடியிலிருந்து மேலே ஏற்றுங்கள். துளை சின்னதாகத்தான் இருக்கும். கத்தரியால் பெரிசாக்கினால் பாவாடை கழன்று விழும். ஒவ்வொரு காலாக நுழைக்கணும். அடுக்குக்கு அடியில் நாலைந்து சுற்று நூல் சுற்றினால் நிற்கும்.

சிறகுக்கு மிச்ச இதழ், முதுகில் நூலால் கட்டு. சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், சின்ன விரல் சுட்டுக்கொள்ளும்.

கம்பி முனைகளை ஒரு செ.மீ. உள்ளே மடிக்க மறக்காதீர்கள். ஒருமுறை குத்தினால் பிள்ளை எழுந்து போய்விடும்.

வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மணிகளை எண்ணி எடுத்து வையுங்கள்.