கார்ல் மேசரின் தாள்கள்: ஒரு வேலை நாட்குறிப்பு

பிப்ரவரி 3, திங்கள்

கார்ல் மேசர் ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்து, அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போய்ப் பள்ளி நடத்திய ஆசிரியர்; அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்தவர். அவர் தாள்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சாக்சனியில் இருந்தவரை அவர் பெயரின் a எழுத்துக்கு மேல் இரட்டைப்புள்ளி உண்டு. அமெரிக்காவில் புள்ளிகள் போய், பக்கத்தில் ஓர் e எழுத்து வந்து சேர்ந்தது. புள்ளியோடு, e-யோடு, இரண்டும் இல்லாமல் என மூன்று வடிவத்திலும் தேட வேண்டும். ஒன்றில் மட்டும் தேடினால் ஜெர்மனி வாழ்க்கை மொத்தமும் கைநழுவும்.

காலவரிசையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசை மேல் ஒட்டிக்கொள்வது நல்லது. 1828 ஜனவரி 16, மைசனில் பிறப்பு. அப்பா பீங்கான் தொழிற்சாலையில் ஓவியர். டிரெஸ்டனில் ஆசிரியர் பயிற்சி. 1855 அக்டோபர் 14, எல்பே ஆற்றில் இரவு நேரத்தில் மார்மன் ஞானஸ்நானம். 1860இல் சால்ட் லேக். 1869இல் சூரிச்சில் ‘டெர் ஷ்டெர்ன்’ என்ற ஜெர்மன் மொழி இதழ். 1876 ஏப்ரலில் யூட்டாவின் புரோவோ நகரில் பிரிகாம் யங் அகாதமி என்ற பள்ளி. 1888இல் சபைப் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளர். 1901 பிப்ரவரி 15, மரணம். தேதி இல்லாத கடிதம் கையில் வந்தால் இந்தத் துண்டுத் தாள்தான் முதல் துணை.

பிப்ரவரி 4, செவ்வாய்

குர்ரெண்ட் எழுத்து. ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுக்கி விழுவார்கள். அக்காலப் பள்ளிகள் கற்றுக்கொடுத்த இந்தக் கூட்டெழுத்தில் e எழுத்து, நெருங்கி நிற்கும் இரண்டு சாய்கோடுகள். n எழுத்தும் இரண்டு கோடுகள்தான், இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடுதல். ‘பெயரிடு’ என்ற பொருளில் வரும் ‘நென்னென்’ (nennen) என்ற சொல்லில் ஆறு எழுத்து. ஆக, பன்னிரண்டு கோடுகள் வேலிக் குச்சிகள் மாதிரி வரிசையாக நிற்கும். ஊகிக்கக் கூடாது. கோடுகளை இரண்டிரண்டாக எண்ணி, இடைவெளியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

u எழுத்தின் தலைமேல் சின்ன வளைவு இருக்கும். n எழுத்தோடு குழம்பாமலிருக்கப் போட்ட அடையாளம் அது, இரட்டைப்புள்ளி அல்ல. அப்படிப் படித்தால் சொல்லே மாறிப்போகும். m, n மேல் நேர்கோடு கிடந்தால் அந்த எழுத்தை இரட்டிக்க வேண்டும்.

ஓர் ஆறுதல் உண்டு. பிறமொழிச் சொற்களையும் ஆட்பெயர்களையும் லத்தீன் எழுத்தில் எழுதுவது அக்கால ஜெர்மானிய வழக்கம். பக்கத்தின் நடுவே திடீரென்று படிக்க முடிகிற சொல் ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஊர்ப் பெயராகவோ ஆள் பெயராகவோ இருக்கும். அங்கிருந்து இரு பக்கமும் நகர்ந்தால் வாக்கியம் பிடிபடும்.

பிப்ரவரி 6, வியாழன்

மசி. மாசிக்காய்ச் சாறும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மசிதான் அக்காலத்தில் எங்கும். எழுதும்போது வெளிறி இருக்கும், பிறகு கறுக்கும், பல ஆண்டு கழித்துப் பழுப்பாகும். அதிலுள்ள அமிலமும் கட்டுப்படாத இரும்பும் தாளைத் தின்னும். தாளின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும்: கோட்டைச் சுற்றிப் பழுப்பு வட்டம் படர்ந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. இரும்பைக் காட்டிக்கொடுக்கும் பாத்தோஃபெனாந்த்ரோலின் சோதனைத் தாளை நனைத்து, ஒற்றி எடுத்து, மசிமேல் கொஞ்ச நேரம் அழுத்தினால் போதும். இளஞ்சிவப்பு வந்தால் கட்டுப்படாத இரும்பு இருக்கிறது. அந்தத் தாளைச் சுருக்கம் நீக்குவதற்காக ஈரப்படுத்தவே கூடாது. இரும்பு நீரோடு நகர்ந்து, எழுத்தில்லாத இடத்தையும் அரிக்கும். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

பிப்ரவரி 10, திங்கள்

1884 ஜனவரி 27 அன்று அகாதமியின் கட்டடம் எரிந்தது. சொந்தக் கட்டடம் மறுபடி கிடைத்தது 1892இல். நடுவில் ஒரு வணிகக் கிடங்கில் வகுப்பு நடந்தது. எனவே 1884க்கு முந்தைய பள்ளித் தாள் குறைவாக இருந்தால், எரிந்ததா, எழுதப்படவே இல்லையா என்று முடிவுகட்டாமல் இடைவெளி என்றே குறிக்க வேண்டும். வேறு கட்டிலிருந்து தாளை உருவி அந்த இடத்தை நிரப்பினால் இரண்டு கட்டும் கெடும்.

பிப்ரவரி 12, புதன்

மேசர் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எழுத்துக்களையும் வாய்ப்பாட்டையும்கூடக் கடவுளின் ஆவி இல்லாமல் கற்பிக்கக் கூடாது என்று மார்மன் சபைத் தலைவர் பிரிகாம் யங் அவருக்குச் சொன்னாராம். சுற்றிலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, வெளியே வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால், தாண்டுவதைவிடச் செத்துப்போவேன் என்றாராம் மேசர். தீயின்போது அகாதமி எரிந்துவிட்டதே என்று பதறிய முன்னாள் மாணவர் ரீட் ஸ்மூட்டிடம், எரிந்தது கட்டடம்தான் என்றாராம். மூன்றும் மேற்கோள் குறிக்குள் அச்சாகி அச்சாகிக் கல்வெட்டு மாதிரி ஆகிவிட்டன. ஆனால் மூன்றும் பேச்சு. கேட்டவர்கள் நினைவில் வைத்துச் சொன்னவை. மகன் ரைன்ஹார்ட் எழுதிய வரலாறே வந்தது 1928இல், அப்பா இறந்து 27 ஆண்டு கழித்து.

பொய் என்று தள்ள வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்: ‘சொந்தக் கை’ (அவரே எழுதியது), ‘பிரதி’ (படியெடுத்தது), ‘நினைவு’ (கேட்டவர் சொன்னது). ஒவ்வொரு உருப்படிக்கும் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம்.

பிப்ரவரி 15, சனி

சொந்தக் கையில் மிக விசித்திரமானது தாளே அல்ல, கரும்பலகை. 1900 நவம்பரில், தன் பெயர் தாங்கிய புரோவோ பள்ளிக்குப் போன மேசர் பலகைகளில் சில வாசகங்களை எழுதினார். அழிக்காமல் விட்டார்கள். மூன்று மாதத்தில் அவர் இல்லை. பலகைகள் இருக்கின்றன.

சாக்பீஸ் தூளைப் பலகையோடு ஒட்டவைக்கப் பசை கிடையாது. சொரசொரப்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. இறுக்கும் திரவம் தெளித்தால் வெண்மை மங்கும், எழுத்து கண்ணாடித்தன்மை பெறும். திரும்ப எடுக்க முடியாது. மேலே கண்ணாடி வைக்கலாம், ஆனால் எழுத்தைத் தொடாதபடி சட்டத்தில் இடைவெளி விட்டு. சாதாரண அக்ரிலிக் தகடு ஆகாது: துணியால் துடைத்ததும் நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுத்துக்கொள்ளும். படம் எடுக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் கை அழுத்திய இடமும் தேய்ந்த இடமும் தனித்தனியே தெரியும்.

அவற்றில் ஒன்று, உயர்ந்த இலக்குகளோடுதான் மனிதன் வளர்கிறான் என்ற பொருளில் வரும் ஆங்கில வரி. படிக்கும்போதே ஜெர்மன் வாடை அடிக்கும். ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் ‘வாலன்ஷ்டைன்’ நாடகத்தின் முன்னுரைப் பாட்டில் வரும் அடி அது. கை மேசருடையது, சொல் ஷில்லருடையது. பட்டியலில் இரண்டையும் எழுத வேண்டும்.