முதலைத் தலைக்குப் பின்னால் மூன்று பூனை

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் யோசனை சொல்கிற ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் சும்மா நிற்கும். படகில் போகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்தபடி ஊர் விவகாரம் அத்தனைக்கும் தீர்ப்பு சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையில் மூன்று வருஷமாகப் பாலே என்கிற ஐரோப்பிய நடனம் படிக்கிற அக்கா மகள் லீவுக்கு வந்து இறங்கினாள்.

நாங்கள் இருப்பது மண்டபத்துக்குப் பக்கம். வடக்கே நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் இன்னொரு கடல். நடுவில் என் தையல் மெஷின்.

"சித்தி, தெருப் பிள்ளைங்களை வச்சு குரங்கும் முதலையும் கதையைப் பாலேயா போடப் போறேன். நீங்கதான் டூட்டூ தைச்சுத் தரணும்" என்றாள்.

டூட்டூ என்றால் இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி விறைத்து நிற்கிற பாவாடை. பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி வேண்டுமாம். "நம்ம ஊர்ல வலைக்கா பஞ்சம்?" என்று என் வீட்டுக்காரர் கிழிந்த நைலான் வலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். குரங்கு வேஷக்காரனுக்குக் கட்டிப் பார்த்தோம். குரங்கு ஆடுகிற மாதிரி இல்லை, பிடிபட்ட மாதிரி இருந்தது. கடைசியில் வீட்டுக் கொசுவலைதான் பலியானது. அன்றிலிருந்து பத்து நாள் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது.

அப்புறம் செருப்புப் பிரச்சினை. கால் நுனியில் நிற்பதற்கான ஷூவின் முனையில் துணியும் தாளும் பசையும் வைத்துக் கட்டை மாதிரி இறுக்கியிருப்பார்களாம். பாதத்து எலும்பு உறுதியாகாத சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு செலவு மிச்சம். பிள்ளைகள் வெறுங்காலோடு கடற்கரையில் பழகினார்கள். மணலில் நுனிக்காலில் நின்றால் கட்டைவிரல் நண்டு வளைதான் தோண்டுகிறது. அதனால் தடைக்காலத்தில் காலியாகக் கிடக்கும் மீன் ஏலக் கூடத்தின் சிமெண்டுத் தரையைக் கேட்டு வாங்கினோம்.

மிருகக் கதைக்குப் பாலே எதற்கு என்று என் மாமியார் கேட்டார். அவள் ஃபோனில் ஒரு படம் காட்டினாள். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்கிற இங்கிலாந்துக்காரம்மா எழுதிய முயல், தவளை, அணில் கதைகளை லண்டன் ராயல் பாலே குழு ஆட்கள் ஆடி 1971-இல் வந்த படம். ஆட்டத்தை அமைத்த ஃபிரெடெரிக் ஆஷ்டன், அறுபது தாண்டிய மனுஷன், அவரே முள்ளெலிச் சலவைக்காரம்மாவாக வேஷம் கட்டியிருக்கிறார். பின்னால் 1992-இல் லண்டன் மேடையிலும் ஏற்றினார்களாம். எல்லாருக்கும் முழு முகமூடி. முகம் தெரியாது, வாய் அசையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் தோளும் காலும்தான் சொல்ல வேண்டும். பன்றி நுனிக்காலில் வந்ததைப் பார்த்துவிட்டு மாமியார், "உன் மாமனார் கல்யாணத்தன்னிக்கு இவ்வளவு ஒழுங்கா நடக்கலை" என்றார்.

கதையிலும் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். நாவல் மரத்துக்கு எங்கே போவது? பனை ஆனது. ஏணியில் பனைமட்டை கட்டினோம், குரங்கு நாவல் பழத்துக்குப் பதிலாக நுங்கு கொடுத்தது. நம்ம கடலில் முதலை ஏது, ஆவுளியாவை, அதான் கடல்பசுவைப் போடு என்றார் ஒரு பெரியவர். ஆவுளியா கடல்புல் தின்கிற சாது, குரங்கின் இதயத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? முதலையே இருக்கட்டும் என்று முடிவானது.

உண்மையான சிக்கல் வேறு. கதையின் உயிரே ஒரு பொய்தான்: "என் இதயத்தை மரத்திலேயே வச்சுட்டு வந்துட்டேனே." பாலேயில் பேச்சே கிடையாது, ஆனால் சைகைக்கு இலக்கணம் உண்டு. தலைக்கு மேல் இரண்டு கையையும் சுற்றினால் ஆட்டம். மோதிர விரலைக் காட்டினால் கல்யாணம். முஷ்டி இரண்டையும் முன்னால் குறுக்கே வைத்தால் சாவு. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தால் காதல். இப்போது நடு ஆற்றில், முதலை முதுகில் உட்கார்ந்துகொண்டு குரங்கு நெஞ்சில் கை வைத்தால் என்ன அர்த்தம்?

ஒத்திகையிலேயே தெரிந்துபோனது. "அட, குரங்குக்கு முதலை மேல ஆசையா? அதுக்குத்தான் வீட்டுல பொண்டாட்டி இருக்காளே" என்று மாமியார் எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். வழி கண்டுபிடித்தவன் குரங்குப் பையன்தான். நெஞ்சை விரல் முட்டியால் தட்டினான், காது கொடுத்துக் கேட்கிற மாதிரி குனிந்தான், வெறும் கையை விரித்தான், மரத்தைக் காட்டினான். மரத்தில் ஒரு சிவப்பு வலை மிதவையைத் தொங்கவிட்டோம். அதுதான் இதயம்.

முதலைத் தலையைச் செய்தது நான். மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி இரண்டை வெட்டி ஒட்டிப் பச்சை அடித்தேன். பல் வரிசையெல்லாம் அவ்வளவு அழகு. நான் செய்த தப்பு இரண்டு. கண் ஓட்டையைப் பையனின் நெற்றிக்கு நேராக வெட்டிவிட்டேன். பெட்டியைச் சரியாகக் கழுவவில்லை.

ஆட்டத்தன்று ஏலக் கூடம் நிறைய ஆள். முதலை வருவதற்கு அடையாளமாகத் திரைக்குப் பின்னால் சங்கு ஊதினோம். பின்வரிசையில் ஒரு ஆத்தா "யாரு போனது?" என்று கேட்டது. மற்றபடி நன்றாகத்தான் போனது. குரங்கு நெஞ்சைத் தட்டி வெறும் கையை விரித்ததும், கூட்டத்திலிருந்து ஒருவர் "ஏலே முதலை, நம்பாதே, பய புளுகுறான்!" என்று கத்தினார். அக்கா மகளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வார்த்தை இல்லாமல் பொய் புரிந்துவிட்டதே!

அந்த நேரம்தான் பூனைகள் வந்தன. ஏலக் கூடத்துப் பூனைகள், ஒரு மாதமாக மீன் வாடையே பார்க்காதவை. ஒன்று முதலையின் மூக்கைக் கடித்தது. ஒன்று தலை மேல் ஏறியது. மூன்றாவது வாலுக்குப் போனது. பையனுக்கு எதுவும் தெரியாததால் சுற்றிச் சுற்றி வந்தான், கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. ஏணி உச்சியில் குரங்கு சிரித்த சிரிப்பில் மிதவை கயிறோடு அறுந்து முதலையின் கையிலேயே விழுந்தது.

கதை அதோடு தலைகீழ். முதலை தடவிப் பார்த்தான், இதயம்தான் என்று தெரிந்துகொண்டான், நேராக வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். முதலைப் பெண்டாட்டிக்கு ஏழு வயசு. வெறுங்கையோடு வரும் புருஷனைப் பார்த்து அழத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். இதயத்தோடு வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் மிதவையை வாங்கிக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தாள். அப்புறம் ஞாபகம் இருந்த ஒரே சைகையைச் செய்தாள்: இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. மாமியார் என் பக்கம் சாய்ந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, இது காதல் கதைதான்னு" என்றார்.