ஆட்டு இதயத்தை ரத்தம் போகிற வழியில் திறப்பது

இதயத்தை நடுவில் நீளவாக்கில் பிளந்து இரண்டாக விரித்தால் நான்கு அறைகளும் பளிச்சென்று தெரியும். பாடப்புத்தகப் படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் அந்த ஒரே வெட்டில் வால்வுகள் கிழிந்திருக்கும், பெருந்தமனி எங்கிருந்து கிளம்புகிறது என்பது பிடிபடாது, வால்வு இதழ்களைப் பிடித்திருக்கும் தசைநாண்கள் அறுந்து தொங்கும். அறைகள் தெரியும், வழி தெரியாது. அதனால் செய்முறை வகுப்பில் நாங்கள் கடைப்பிடிப்பது ஒரே விதி: ரத்தம் போகிற பாதையிலேயே கத்தரியும் போக வேண்டும். வலது மேலறையில் நுழைந்து நுரையீரல் தமனி வழியாக வெளியே வருவது முதல் பாதி. இடது மேலறையில் நுழைந்து பெருந்தமனி வழியாக வெளியே வருவது அடுத்த பாதி.

வேலை பாதி கெடுவது இதயம் கைக்கு வருவதற்கு முன்பே. கறி வெட்டுகிறவர்கள் குழாய்களை அடியோடு நறுக்கிவிடுவார்கள். பல சமயம் மேலறைகளும் அதோடு போய்விடும். குழாய்கள் குறைந்தது 4, 5 செ.மீ. நீளமாவது இருக்கட்டும், மேலே சுற்றியிருக்கும் உறையையும் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கீழறைச் சுவரில் கத்திக் கீறல் இருந்தால் தண்ணீர்ச் சோதனை நடக்காது. ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உள்ளே உறையும் பனித்துகள்கள் செல்களை உடைத்துவிடும். உருகியபின் சுவர் கொழகொழத்துப் போகும், வால்வு இதழ் இடுக்கியோடு கையில் வந்துவிடும். சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுவது நல்லது.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு முனை மழுங்கிய கத்தரி, அறுவைக் கத்தி, இடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குச்சி, 50 மி.லி. ஊசிக்குழல், அதில் மாட்ட ஒரு ரப்பர் குழாய், அளவுகோல், தட்டு, கையுறை. கத்தரியின் மழுங்கிய முனைதான் எப்போதும் உள்ளே போக வேண்டும். கூர்முனை உள்ளே போனால் அது எதைக் குத்தியது என்று வெளியிலிருந்து தெரியாது.

முதலில் எது முன், எது பின் என்று தீர்மானியுங்கள். அவசரப்படுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு மேலறைகளிலும் காதுபோல் நீண்டிருக்கும் மடல்களின் நுனிகள் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கும். அவற்றின் நடுவே ஒரு தடித்த குழாய் மேலே ஏறும். அது நுரையீரல் தமனி. அதன் அடியிலிருந்து கொழுப்பு படிந்த ஒரு பள்ளம் சாய்வாகக் கீழே இறங்கும். அந்தப் பக்கம்தான் முன்பக்கம். பள்ளம் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் ஓடும் கோடு. முன்பக்கத்தை உங்களைப் பார்த்துத் திருப்பினால் இதயத்தின் இடது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். சந்தேகம் வந்தால் அமுக்கிப் பாருங்கள். இடது கீழறை கெட்டியாக நிற்கும், வலது கீழறை அமுங்கும். இதயத்தின் அடியிலுள்ள கூர்முனை முழுக்க இடது கீழறையைச் சேர்ந்தது.

வெட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், வெட்டியபின் அந்த வாய்ப்பு கிடையாது. மேலறைகளில் தேங்கிய ரத்தக்கட்டிகளை விரலால் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். பிறகு நுரையீரல் தமனியை நிமிர்த்திப் பிடித்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மூன்று அரைச்சந்திர இதழ்களும் விரிந்து ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும். தண்ணீர் அப்படியே நிற்கும். பெருந்தமனியிலும் இதேபோல் நிற்கும், ஆனால் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வால்வு ஒழுகுகிறது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். வால்வுக்குச் சற்று மேலேதான், இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் வாய்கள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றுக்குள் இறங்கி, மேற்பரப்பில் எங்காவது அறுபட்ட சிறு குழாய் வழியாகக் கசிகிறது. இதயத்தின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும்.

இனி வலது பக்கம். கத்தரியைக் கீழ்ப்பெருஞ்சிரையின் வாயில் நுழைத்து, வலது மேலறை மடலின் நுனி வரை வெட்டுங்கள். இரண்டு பெருஞ்சிரைகளையும் இணைத்து நேர்கோட்டில் வெட்டுவது சுலபம்தான், ஆனால் மேற்பெருஞ்சிரை மேலறையோடு சேருகிற இடத்தில்தான் சைனஸ் கணு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக அதன் மேலேயே கத்தரியை ஓட்டுவது எங்களுக்குப் பிடிக்காது. மனிதரில் 1 முதல் 2 செ.மீ. நீளமுள்ள அந்தத் திசுதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கிறது. கீத், ஃபிளாக் என்ற இருவர் 1907இல் அதை விவரித்தார்கள்.

மேலறையை விரித்தால் சுவரின் பின்பாதி வழவழப்பாகவும், மடல் பக்கம் வரிவரியாகத் தசைக்கட்டுகளோடும் இருக்கும். இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் விரல் நுனி அளவு ஒரு குழிவு தென்படும். விளக்குக்கு நேராகப் பிடித்தால் அந்த இடம் மட்டும் மெல்லியதாக ஒளி விடும். கருவில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் நேரே இடது பக்கம் போன வாசல் அது. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டிக்கொள்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. குழிவுக்குக் கொஞ்சம் கீழே, மூவிதழ் வால்வின் அருகில், இன்னொரு துளை. இதயத் தசைக்கே போன ரத்தம் திரும்பி வந்து விழுகிற கரோனரி சைனஸ் அது. செம்மறியாட்டில் இந்தத் துளை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். மார்பின் இடப்பக்கச் சிரை ஒன்றும் அதில்தான் வந்து சேர்கிறது. மனிதரில் அப்படி இல்லை.

இப்போது மேலறையைத் திறந்து வைத்தபடி மூவிதழ் வால்வைச் சோதிக்கலாம். ரப்பர் குழாயை நுரையீரல் தமனி வழியாகக் கீழறைக்குள் இறக்கி, தமனியைக் குழாயோடு சேர்த்து விரல்களால் இறுக்கிப் பிடித்து, ஊசிக்குழலால் தண்ணீரைத் தள்ளுங்கள். தொய்ந்து கிடந்த இதழ்கள் உப்பி மேலெழுந்து, விளிம்போடு விளிம்பு பொருந்தி நின்றுவிடும். நாங்கள் காட்டுவதில் மாணவர்கள் வாயடைத்து நிற்கிற இடம் இதுதான். இதழை இழுத்துத் திறக்கவோ மூடவோ எந்தத் தசையும் இல்லை. அழுத்த வித்தியாசம்தான் இரண்டையும் செய்கிறது. தசைநாண்களின் வேலை இதழ் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துவது மட்டுமே.

அடுத்த வெட்டு அந்த வால்வின் வளையத்தைத் தாண்டி, வலது ஓரமாகக் கூர்முனைப் பக்கம் வரை. வெட்டி முடித்ததும் சுவரை வெடுக்கென்று தூக்கக் கூடாது. உள்ளே தடுப்புச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஒரு தசைப்பட்டை குறுக்கே பாலம் போட்டிருக்கும். வேகமாகத் தூக்கினால் அது பட்டென்று அறுந்துவிடும். மின் தூண்டலைக் கொண்டுபோகும் வலது கிளை அதன் வழியாகத்தான் எதிர்ச் சுவரை எட்டுகிறது. பட்டையைப் பார்த்தபின், தடுப்புச் சுவரிலிருந்து 1 செ.மீ. தள்ளி, கீழிருந்து மேலாக நுரையீரல் தமனி வரை வெட்டி வெளியே வாருங்கள். மூன்று இதழ்களில் இரண்டு சந்திக்கும் இடத்தில் கத்தரி போனால் எந்த இதழும் சேதமாகாது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த இடம் தெரியும்.

இடது பக்கம் கத்திக்குக் கடினம். நுரையீரல் சிரைகளின் வாய்களை ஒன்றோடொன்று இணைத்து வெட்டினால் இடது மேலறை திறந்துகொள்ளும். அங்கே பார்க்க அதிகம் இல்லை, மடலைத் தவிர எல்லாம் வழவழப்பு. உடனே ஈரிதழ் வால்வுக்குள் ஒரு விரலை விடுங்கள். கீழறையில் இரண்டு பருத்த தசைத் தூண்கள் தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவே, இடது ஓரமாகக் கூர்முனை வரை வெட்ட வேண்டும். கத்தரியால் நறுக்கி நறுக்கிப் போனால் விளிம்பு பிசிறு பிசிறாகும். நல்ல கூரான கத்தியை ஒரே இழுப்பாக இழுப்பது மேல். தூணை அறுத்துவிட்டால் அதோடு இணைந்த நாண்கள் தளர்ந்து, வால்வு எப்படி நின்றது என்பதைக் காட்டவே முடியாது.

வெட்டு முகத்தில் அளவுகோலை வைத்து இரண்டு சுவர்களையும் அளந்து பாருங்கள். மனித இதயத்தில் வலது கீழறைச் சுவர் 3 முதல் 5 மி.மீ., இடது கீழறைச் சுவர் அதைப்போல மூன்று மடங்கு. இடது பக்கம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் தடிமன் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. ஓய்வில் இருக்கும் பெரியவரில் இரண்டு கீழறைகளுமே துடிப்புக்கு ஏறக்குறைய 70 மி.லி. தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் இரண்டிலும் 5 லிட்டர். அளவு ஒன்றாக இல்லாவிட்டால் நுரையீரலில் ரத்தம் தேங்கிவிடும். வேறுபடுவது அழுத்தம். நுரையீரலுக்குத் தள்ள வலது கீழறைக்கு 25 மி.மீ. பாதரசம் போதும், உடல் முழுவதற்கும் தள்ள இடது கீழறை 120 வரை ஏற வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் அளவோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்: இறந்தபின் வரும் விறைப்பில் இடது கீழறை சுருங்கி இறுகிவிடும். அப்போது சுவர் தடித்தும் அறை குறுகியும் தெரியும். உயிரோடு இருக்கையில் ரத்தம் நிரம்பித் தளர்ந்த நிலையில் சுவர் இதைவிட மெல்லியது. அதே இடது கீழறையின் நுனியில் சுவர் ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே கத்தியை அழுத்தினால் மறுபக்கம் வந்துவிடும்.

தடுப்புச் சுவரை இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, ரத்தம் வலமிருந்து இடமாக அவற்றின் வழியே கசிகிறது என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் காலெனின் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்த்தாலே போதும், ஒரு சொட்டும் மறுபக்கம் வராது.

கடைசி வெட்டு பெருந்தமனிக்குள். பெரும்பாலானவர்கள் கெடுப்பதும் இதைத்தான். ஈரிதழ் வால்வின் முன்னிதழுக்கு அடியில் விரலை விட்டு மேலே தள்ளினால் விரல் பெருந்தமனியில் வெளிப்படும். அதாவது அந்த இதழ் உள்வாசலுக்குக் கதவு, வெளிவாசலுக்குச் சுவர். இதழையே வெட்டிக்கொண்டு போனால் வழி சீக்கிரம் திறக்கும், பாடம் போய்விடும். அதனால் முன்பக்கம், தடுப்புச் சுவரை ஒட்டி மேலே வந்து, நுரையீரல் தமனியை ஒதுக்கிப் பிடித்து, அதற்கும் இடது மேலறை மடலுக்கும் நடுவே வெட்டிப் போக வேண்டும். இடது கரோனரி தமனியின் தண்டு அங்கேதான் இருக்கிறது, இந்த வெட்டில் அது அறுபடும். எனவே வெட்டுவதற்கு முன்பே மேலிருந்து பெருந்தமனிக்குள் பார்த்து, இரண்டு கரோனரி வாய்களிலும் பிளாஸ்டிக் குச்சியை நுழைத்து, அது கொழுப்புக்கு அடியில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து முடித்துவிடுங்கள். இதயத் தசை சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரிக்கிறது; இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு மிக வேகமானால் குறைவது அந்தத் தளர்வு நேரம்தான்.

வால்வு வளையங்கள் நார்த்திசுவால் ஆனவை. கத்தி அங்கே கரகரவென்று தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். மாட்டிதயத்திலும் சில ஆட்டிதயங்களிலும் அவ்விடத்தில் சிறு எலும்பு உண்டு, மனிதருக்குக் கிடையாது. இந்த நார்ச்சட்டம் மேலறைகளையும் கீழறைகளையும் மின்னளவில் பிரித்து வைக்கிறது. தூண்டல் கடக்க ஹிஸ் கற்றை என்ற ஒரே வழிதான். அதற்கு முன்னுள்ள இன்னொரு கணுவில் (மேலறை-கீழறைக் கணு) ஏறக்குறைய 0.1 விநாடி தாமதமாகிறது. அந்த இடைவெளியில் மேலறைகள் சுருங்கி முடித்துவிடும். வழி தாண்டியபின் பரவும் நார்களை ஆட்டிதயத்தில் வெறும் கண்ணாலேயே தேடலாம். கீழறையின் உட்பரப்பை மெல்லக் கழுவிச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் நிற மெல்லிய வலை ஓடுவது தெரியும். செக் அறிவியலாளர் புர்கின்யே 1839இல் விவரித்தது அதைத்தான், அதுவும் ஆட்டிதயத்தில்.

எடை போடுவதாக இருந்தால் எல்லாம் திறந்து, கட்டிகளைக் கழுவி, ஒற்றியெடுத்தபின் போடுங்கள். உள்ளே ரத்தக்கட்டியோடு போட்ட எடைக்கு அர்த்தமில்லை. மனித இதயத்தின் 250 முதல் 350 கிராமோடு ஒப்பிடும்போது குழாய்களை எவ்வளவு நீளம் விட்டு எடை போட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். தட்டையும் கருவிகளையும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் உறைந்து கத்தரியின் மூட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சோப்பு.