மீடியா ஆஃப்லைன்: இடம் மாறிய ஃபைல்களைத் திரும்பச் சேர்த்த அனுபவம்

வேறொருவர் பாதிவரை எடிட் செய்து நிறுத்தியிருந்த ஆவணப்பட ப்ராஜெக்ட் ஒன்று என் கைக்கு வந்தது. பிரீமியர் ப்ரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் செய்தது. பழைய ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் நகலெடுத்தவர், போகிற போக்கில் ஃபோல்டர்களையும் ஒழுங்குபடுத்தியிருந்தார். திறந்து பார்த்தால், க்ளிப்களை வரிசையாக அடுக்கும் டைம்லைன் முழுக்கச் சிவப்பு; ஃபைலைக் காணோம், அதாவது 'மீடியா ஆஃப்லைன்' என்று அர்த்தம். வெட்டுகள், டைட்டில்கள், அசைவு மாற்றங்களைக் குறிக்கும் கீஃப்ரேம்கள் எல்லாம் அப்படியே இருந்தன. படமும் ஒலியும் மட்டும் இல்லை.

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ எதுவும் கிடையாது. எந்த ஃபைல், எந்தப் பாதையில், அதில் எங்கிருந்து எதுவரை என்ற குறிப்புகள்தான் இருக்கும். அதனால் ஃபைல்கள் எங்கேயாவது உயிரோடு இருந்தால் வேலை போகவில்லை.

திறந்ததுமே, காணாமல் போன ஃபைல்களைத் தேடி இணைக்கும் லிங்க் மீடியா பெட்டி வந்து நிற்கும். 'லொகேட்' பொத்தானை அழுத்தத்தான் கை பரபரக்கும். என் அபிப்ராயம் வேறு: முதலில் அதைத் தொடாதீர்கள். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு ஃபைலின் பழைய பாதையும் தெரியும், அதை மட்டும் படித்துவிட்டுச் சேமிக்காமல் மூடினேன். பழைய டிஸ்க் ஈ டிரைவாக இருந்திருக்கிறது. புதியதற்கு விண்டோஸ் ஜி என்று எழுத்து கொடுத்திருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதை ஈ என்று மாற்றிவிட்டு மறுபடி திறந்தேன். யாரும் கைவைக்காத இசை, கிராஃபிக்ஸ், ஒலிப்பதிவு ஃபோல்டர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து உட்கார்ந்தன. மேக்கில் எழுத்துக்குப் பதில் டிஸ்க்கின் பெயர்தான் பாதையில் வரும், அதனால் பெயரைப் பழையபடி மாற்றினால் போதும். ஒரே பெயரில் இரண்டு டிஸ்க் செருகியிருந்தால் இரண்டாவதன் பாதையில் '1' ஒட்டிக்கொள்ளும், அதையும் கவனிக்க வேண்டும்.

பெயர் மாற்றப்பட்ட ஃபோல்டர்களுக்குத்தான் லொகேட். 'மற்றவற்றையும் தானாக இணை' என்ற தேர்வு டிக் ஆகியிருந்தால், ஒரு ஃபைலைக் காட்டினாலே கூட இருந்தவையும் சேர்ந்து வந்துவிடும். இதுவரை சுகம்.

அடுத்து வந்ததுதான் தலைவலி. படம்பிடித்தது சோனி கேமராவில். கார்டை ஃபார்மட் செய்த பிறகு அது மறுபடி சி0001 என்றே எண்ணத் தொடங்கியிருக்கிறது. ஆக, ஒவ்வொரு நாள் ஃபோல்டரிலும் ஒரு சி0012 இருந்தது. பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் வைத்துத் தேடினால் அத்தனையும் பொருத்தம்தான். பேட்டி வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டடம் வந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்தப் படத்தில் ஒரே ஆள் இரண்டு நாள் பேசியிருந்தார். காட்சிகள் ஒட்டிப்போக வேண்டும் என்ற கன்டினியூட்டிக்காக அதே சட்டை, அதே நாற்காலி, அதே ஒளியமைப்பு. ஒலி தனி ரெக்கார்டரிலிருந்து வருவதால் பேச்சு சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. உதட்டை உற்றுப் பார்த்தபோதுதான் அவர் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது.

இங்கே கைகொடுத்தது டைம்கோட், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா பதியும் நேர எண். ப்ராஜெக்ட் பேனலை லிஸ்ட் வியூவுக்கு மாற்றினால் 'மீடியா ஸ்டார்ட்' என்றொரு பத்தி கிடைக்கும். கேமராவில் டைம்கோட் கார்டுக்குக் கார்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடியிருந்ததால், பெயர் ஒன்றானாலும் தொடக்க எண் ஒவ்வொன்றுக்கும் வேறு. தவறாகச் சேர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்து 'மேக் ஆஃப்லைன்' கொடுத்தேன். டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் அழியாமல் இருக்க, மீடியா ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்ற தேர்வை இங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு லிங்க் மீடியா பெட்டியில் பெயரோடு மீடியா ஸ்டார்ட்டையும் டிக் செய்து தேடியபோது சரியான நாளின் ஃபைல் வந்தது. ஃபோனில் எடுத்தவற்றுக்கு இது உதவவில்லை, எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கியிருந்தன. அங்கே கால அளவை ஒப்பிட்டுக் கையால்தான் சேர்த்தேன்.

ஒரு ஃபோல்டரில் ஃபைல் பெயர்களுக்கு முன்னால் தேதியைச் சேர்த்திருந்தார்கள். எடிட்டிங் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல், பெயர்மாற்றும் கருவி ஒன்றில் அந்த முன்னொட்டை மொத்தமாக நீக்கினேன். உடனே சரியாகிவிட்டது.

ஏவிசிஹெச்டி என்ற வடிவத்தில் பதியும் கேமராவின் நீண்ட பதிவு ஒன்று மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது. இந்த வகைக் கேமராக்கள் நீண்ட ஷாட்டைப் எம்டிஎஸ் என்ற எக்ஸ்டென்ஷனோடு பல துண்டுகளாகப் பிரித்து எழுதும். கார்டின் ஃபோல்டர் அமைப்பு அப்படியே இருந்தால் பிரீமியர் அவற்றை ஒரே க்ளிப்பாகப் படிக்கும். ஒழுங்குபடுத்திய நண்பர் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் உருவி வெளியே வைத்துவிட்டார். முதல் துண்டோடு இணைத்தால் அதன் நீளத்துக்குப் பிறகு ஒன்றும் கிடைக்காது. பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, கார்டின் முழு நகலை எடுத்த பிறகுதான் தீர்ந்தது. கார்டுக்குள் தெரியும் அந்த அர்த்தமில்லாத ஃபோல்டர்களைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களை என்ன சொல்வது!

சிவப்பு எங்கேயும் இல்லை என்றாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லவேளை, முந்தைய எடிட்டர் பார்வைக்கு அனுப்பிய ஒரு டிராஃப்ட் வீடியோ கிடைத்தது. அதை டைம்லைனின் மேல் டிராக்கில் போட்டு, மேல் படம் கீழ்ப் படத்தோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிளெண்ட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்கினேன். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். வேறாக இருந்தால் பேய் பிடித்த மாதிரி இரண்டு படமும் கலந்து தெரியும். டிராஃப்ட் கம்ப்ரெஸ் ஆனது என்பதால் விளிம்புகளில் லேசான மினுமினுப்பு இருந்தது, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வேகமாக ஓட்டிப் பார்த்ததில் சில இடைக்காட்சிகள் பளிச்சென்று மாட்டின. எல்லாம் அதே சி எண் கோளாறு. அவற்றையும் டைம்கோட் பார்த்து மாற்றினேன்.

அப்புறம் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு, பேட்டிகளின் கலர் கரெக்‌ஷனிலிருந்து வேலையைத் தொடங்கினேன்.