நீலகிரிச் சாலைகள்: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

பிப்ரவரி 4, செவ்வாய். கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பினோம், நானும் தங்கை வீட்டுக்காரரும். இருட்டில் கிளம்பினால் வெயிலுக்கு முன் பாதி மலை ஏறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். குஞ்சப்பனை வரை இருபுறமும் காடு. யானை நடமாட்டம் உள்ள சாலை அது. பலா பழுக்கும் மாதங்களில் பகலிலேயே கவனம் வேண்டும்.

ஊரைத் தாண்டியதும் மலைக்கு இரண்டு வழி. ஒன்று கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர். 14 கொண்டை ஊசி வளைவுகள். மற்றது கோத்தகிரி. முதல்முறை மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் குன்னூர் வழியைத்தான் பிடிக்கிறார்கள். நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். சுற்றுலா வேன், லாரி, பேருந்து எல்லாம் அதில்தான் போகின்றன. ஏற்றத்தில் மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்குப் பின்னால் ஒரு பேருந்து உறுமிக்கொண்டே வந்தால் மூச்சின் தாளம் போய்விடும்.

கோத்தகிரி வழி வேறு. சுமார் 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏறுகிறது. நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர். அந்தச் சரிவு பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரு கியரில் உட்கார்ந்துவிட்டால் கால் தானாக மிதிக்கிறது. கண்ணுக்கு மலை கிடைக்கிறது. முள்ளூர் தாண்டித் தேயிலை ஆரம்பித்ததும் காற்றின் வாசம் மாறியது. அரவேணுவில் டீக்கடை அம்மா, "ஏனுங் தம்பி, கீழிருந்து மிதிச்சேவா வாறீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்காமலே இன்னொரு வர்க்கியை எடுத்து வைத்தார்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்ததும் இந்தக் கோத்தகிரிப் பக்கமாகத்தான். அவர் தங்கிய கட்டடம் கன்னேரிமுக்கில் நினைவிடமாக இருக்கிறது. சாயங்காலம் கால் ஆற நடந்து போய்ப் பார்த்தோம்.

மே மாதத்தில் மட்டும் இந்த ஏற்றத்தை நினைக்க வேண்டாம். கோடைக் கூட்டத்துக்காக இதை இறங்கும் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள்.

பிப்ரவரி 5, புதன். ஊட்டி

கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டி. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் ஏறி இறங்கி ஏறும் சாலை. நேற்றைய சீரான ஏற்றத்துக்குப் பழகிய கால் இதில் திணறுகிறது. உயரமும் ஒரு காரணம். 2,240 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. ஊர்களில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், காசு போட்டால் நம் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம். சைக்கிளில் வருகிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது?

பிப்ரவரி 6, வியாழன். மசினகுடி

தலைகுந்தாவில் புல் முழுக்க உறைபனி. விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது என்பதால் வெயில் ஏறட்டும் என்று நின்றோம். அப்புறம் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொண்டு பைக்காரா, நடுவட்டம், கூடலூர். ஷூட்டிங் மட்டத்துப் புல்வெளியும் பைக்காரா அணையும் எல்லோரும் பார்ப்பவை. எனக்குப் பிடித்தது நடுவட்டத்துக்குக் கீழே வரும் இறக்கம். வளைவுகள் அகலம், எதிரே வருவது முன்கூட்டியே தெரிகிறது. ஊட்டியிலிருந்து கணக்கிட்டால் கூடலூருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரிக்கு மேல் சூடு கூடும். கூடலூரில் செய்தித்தாளை உருவிப் போட்டோம்.

கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மசினகுடி வரை புலிகள் காப்பகம். அதில் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்பது என் முடிவு. பிக்கப் வண்டி பேசி சைக்கிள்களை ஏற்றினோம். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம். "மச்சான், ரோடு எவ்ளோ நல்லா இருக்குதுங்க!" என்றார். நல்ல ரோடுதான், ஆனால் அது விலங்குகளின் வீடு. சத்தமில்லாமல் வரும் சைக்கிள் யானையைக் கிட்டத்தில் திடுக்கிட வைக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி. ஊட்டி, இரவு

கல்லட்டி. இதற்காகத்தான் வந்தேன்.

மசினகுடியிலிருந்து மாவனல்லா, வாழைத்தோட்டம் வரை சாலை சாதுவாகப் போகிறது. அதற்கப்புறம் மலை எழுந்து நிற்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல். 36 கொண்டை ஊசி வளைவுகள்.

மலைச்சாலை பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் வளைவு எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36. மிதிக்கிறவனுக்கு அந்த எண்ணிக்கையால் ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசி வளைவே சரிவைக் குறைக்கத்தான் போடப்படுகிறது. நேராக ஏற முடியாத மலையில் பாதையை மடக்கி நீளமாக்குகிறார்கள். வளைவில் வெளி விளிம்பைப் பிடித்தால் நாலு மிதி இளைப்பாறலாம். கொல்லுவது இரண்டு வளைவுகளுக்கு நடுவில் இருக்கும் நேர்ச்சாலை. ஆகவே எத்தனை வளைவு என்று கேட்காதீர்கள், எத்தனை தூரத்தில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் செங்குத்தான இடங்களில் சுமார் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. நூறுக்கு எட்டு. அந்தச் சரிவுக்கே சக்கரம் வழுக்காமல் இருக்க நடுவில் பல் தண்டவாளம் போட்டார்கள். கல்லட்டியின் சராசரி அதைவிடக் குறைவில்லை; நடுநடுவே அதைத் தாண்டியும் போகிறது. நம்மிடம் இருப்பது இரண்டு தொடைகள்தான்.

என் வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதற்கும் 34. பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு அறுபது மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அதற்குக் கீழே வேகம் போனால் ஹேண்டில் தடுமாறும். மாப்பிள்ளை வண்டியில் பின்னால் 28 பல்தான் பெரியது. மிதி கனம். அவர் பாதி நேரம் எழுந்து நின்றே மிதித்தார். கல்லட்டி கிராமத்துக்கு முன்னால் நிறுத்தி ஆளுக்கொரு கடலை மிட்டாய். கீழே சீகூர் சமவெளி முழுவதும் தெரிந்தது, காய்ந்த முட்காடு, நடுவில் பச்சையாக ஆறு போகும் கோடு. மேலே இன்னும் மலை. இரண்டும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது இந்தச் சாலையில்தான்.

தலைகுந்தாவில் ஏறி முடித்தபோது மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை, ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியும்.

இந்தச் சாலையில் வெளியூர் வண்டிகளை ஏற விடுகிறார்கள், இறங்க விடுவதில்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன விபத்துகள் அவ்வளவு. சைக்கிளிலும் இதில் இறங்காதீர்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம்.

பிப்ரவரி 8, சனி. ஊட்டி

ஓய்வு. சனிக்கிழமை ஊட்டிச் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. பிரேக் கட்டைகளை மாற்றினேன், செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு. காரமடை

குந்தா பாலம், மஞ்சூர், கெத்தை, வெள்ளியங்காடு, காரமடை. ஞாயிறு என்றாலும் மஞ்சூருக்கு அப்பால் கூட்டமே இல்லை. சோதனைச்சாவடியில் கேட்டோம், அரசுப் பேருந்து ஒன்று இறங்கவிருந்தது, அதை ஒட்டியே போகச் சொன்னார்கள். யானைகள் பேருந்தையே நிறுத்திவைக்கும் வழி இது, எனவே அந்த யோசனையை மறுக்கவில்லை.

43 வளைவுகள். நீலகிரியில் இதைவிட அழகான சாலை எனக்குத் தெரியவில்லை. கடை இல்லை, விளம்பரப் பலகை இல்லை. ஒருபக்கம் சோலைக்காடு, மறுபக்கம் பள்ளம், கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா மின் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்குகின்றன. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டுப் பிடி. இதை மாப்பிள்ளைக்கு மஞ்சூரிலேயே சொல்லியிருந்தேன், அழகாக இறங்கினார். எதிரே ஏறி வந்த ஜீப்புக்கு நின்று வழிவிட்டோம். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை.

காரமடையில் இளநீர். "அடுத்த தடவை இதையே கீழிருந்து ஏறலாங்களா மச்சான்?" என்றார். அவர் வண்டிக்குப் பின்னால் 34 பல் போட்ட பிறகு, மழைக்காலம் முடிந்ததும் வெள்ளியங்காட்டிலிருந்து மஞ்சூருக்கு ஏறுவதாகப் பேசி முடிவு செய்திருக்கிறோம்.